டாபு (1931): பேச்சில்லாத கடல் காதலை நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவது எப்படி

முதலில் படம் எதுவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தேடும்போதே பாதிப் பேர் வழி மாறிப் போய்விடுகிறார்கள். போனில் ‘டாபு’ என்று அடித்தால் இந்தி நடிகை தபுதான் வரிசையாக வந்து நிற்பார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. அதைத் தாண்டினால் 2012-இல் மிகேல் கோமெஸ் எடுத்த போர்ச்சுகல் படம் வரும். அதுவும் கறுப்பு வெள்ளை, அதுவும் இரண்டு பாகம். பாகங்களின் பெயர்கூட அதே ‘சொர்க்கம்’, ‘இழந்த சொர்க்கம்’. வரிசை மட்டும் தலைகீழ். பழைய படத்துக்குச் செய்த மரியாதை அது. நல்ல படம்தான், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது ஜெர்மன்காரர் எஃப்.டபிள்யூ. முர்னாவ் தென் பசிபிக்கில் போரா போரா தீவுக்குப் போய் 1930-இல் எடுத்து, 1931 மார்ச்சில் வெளிவந்த படம். ‘முர்னாவ்’, ‘1931’ இரண்டையும் பெயரோடு சேர்த்துத் தேடினால் தப்பாது.

நான் தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து ஆள். இப்போது தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு பழைய படம் போடுகிறேன். தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். ‘பேச்சே இல்லாத படத்துக்குச் சனங்களை எப்படி அண்ணாச்சி உட்கார வைத்தீர்கள்?’ என்று வெளியூரில் இதேபோலப் படம் போடுகிறவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கதை சின்னது. முத்துக்குளிக்கும் பையன் மத்தாஹி, அவன் காதலி ரெரி. பெரிய தலைவரின் தூதனாக ஹிட்டு என்ற கிழவன் கப்பலில் வருகிறான். தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கன்னி இறந்துபோனாள், அவள் இடத்துக்கு ரெரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, இனி எந்த ஆணும் இவளைத் தொடக் கூடாது, ஆசையோடு பார்க்கவும் கூடாது, மீறினால் சாவுதான் என்று அறிவிக்கிறான். இந்தத் தடைதான் ‘டாபு’. இருவரும் இரவோடு இரவாகத் தோணியில் ஓடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆளும் ஒரு தீவில், முத்து வியாபாரமும் கடையும் கடனும் உள்ள ஊரில் போய் ஒதுங்குகிறார்கள். கிழவன் அங்கேயும் வந்து நிற்கிறான். முடிவு கடலில். இதற்கு மேல் கூட்டத்துக்குச் சொல்லாதீர்கள். நான் கீழே முடிவைப் பற்றியும் எழுதப்போகிறேன். நீங்கள் படம் ஓட்டப்போகிறவர், உங்களுக்குத் தெரிந்துதான் ஆக வேண்டும்.

பிரதி தேடுவது

இந்தப் படத்தில் வெட்டுப்பட்ட பிரதியும் உண்டு, வெட்டாத பிரதியும் உண்டு. தீவுப் பெண்கள் அவர்கள் வழக்கப்படி மேலாடை இல்லாமல் வரும் இடங்களில் அந்தக் காலத்திலேயே கத்தரி வைத்தார்கள். ஆரம்பத்தில் பெண்கள் அருவியிலும் குட்டையிலும் குளிக்கும் காட்சியைக் கவனியுங்கள். நீர் ஓடுகிற ஓட்டத்தில் படம் தானாக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். தத்தித் தத்திப் போனால், ஒரு பெண் திரும்பி முடிக்கும் முன்பே அடுத்த ஷாட் வந்தால், கை வைத்த பிரதி என்று சந்தேகப்படலாம். இங்கிலாந்தில் யுரேகா கம்பெனி ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையில் போட்ட டிஸ்க் நம்பிக்கையானது. அமெரிக்காவில் மைல்ஸ்டோன், கினோ லோர்பர் இரண்டு கம்பெனிகளும் வெளியிட்டிருக்கிறார்கள்.

டிஸ்க் வாங்கும் முன்பு மண்டலக் குறியைப் பாருங்கள். டிவிடி என்றால் இந்தியா 5-ஆம் மண்டலம், இங்கிலாந்து 2, அமெரிக்கா 1. ப்ளூரே என்றால் நமக்கு சி, இங்கிலாந்துக்கு பி, அமெரிக்காவுக்கு ஏ. காசு கொடுத்து வரவழைத்து, வீட்டு பிளேயரில் போட்டதும் ‘இந்த டிஸ்க் ஓடாது’ என்று எழுத்து வந்தால் வயிறு எரியும். எல்லா மண்டலமும் எடுக்கும் பிளேயர் யாரிடம் இருக்கிறதென்று முதலில் விசாரியுங்கள். டிவிடியாக இருந்தால் கம்ப்யூட்டரில் விஎல்சி போன்ற பிளேயரில் பெரும்பாலும் ஓடிவிடும்.

நேரத்தை வைத்துப் பிரதியை எடைபோடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் ஏறக்குறைய 85 நிமிடம். ஐரோப்பிய டிவிடியில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். அதனாலேயே மூன்று நிமிடத்துக்கு மேல் குறைந்துவிடும், ஒரு ஃபிரேம்கூட வெட்டாமல். பெட்டியில் 82 என்று போட்டிருப்பதைப் பார்த்து ‘வெட்டிவிட்டான்’ என்று குதிக்காதீர்கள். ப்ளூரேயில் இந்தச் சிக்கல் கிடையாது.

இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியச் சட்டத்தில் சினிமாவுக்குக் காப்புரிமை 60 ஆண்டு, ஆகவே இங்கே அது எப்போதோ முடிந்துவிட்டது. அமெரிக்காவில் 95 ஆண்டு. 2026 முடியும்போதுதான் அங்கே முடிகிறது. செப்பனிட்ட டிஸ்க்கை விற்பவர்களின் நிபந்தனைகள் தனி. வீட்டு மாடியில் காசு வாங்காமல் போடுவது ஒரு மாதிரி. மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டு, போஸ்டர் ஒட்டப்போகிறீர்கள் என்றால் தணிக்கைச் சான்றிதழ் விவகாரமும் வரும். விவரம் தெரிந்த வக்கீலைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இலவசப் பிரதிகளில் இன்னொரு தொல்லை, சிலர் பின்னணிக்குத் தங்கள் இஷ்டத்துக்கு இசையை மாற்றிப் போட்டிருப்பார்கள். டாபுவை ஊமைப்படம் என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. பேச்சு மட்டும்தான் இல்லை. ஹூகோ ரீசென்ஃபெல்ட் அமைத்த இசை படச்சுருளிலேயே பதிந்து வந்தது. அந்த இசையும் படத்தின் பகுதிதான். பியானோவை மட்டும் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும் பிரதி கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

படத்தின் வடிவம்

ஆபரேட்டர் புத்தி எனக்கு இன்னும் போகவில்லை, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுவேன். ஒலி வந்த புதிதில் படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கோடு ஏறியது. அது இடத்தைப் பிடித்துக்கொண்டதால் படம் அகலத்தில் இளைத்துக் கிட்டத்தட்ட சதுரமாக ஆனது. 1932-இல்தான் ஹாலிவுட் அகாடமி ஓர் அளவை நிர்ணயித்து, மேலும் கீழும் சற்று மறைத்து மறுபடி நீள்சதுரமாக்கியது. டாபு இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த படம். உங்கள் டிவி அல்லது ப்ரொஜெக்டர் 16:9. அதைச் சும்மா விட்டால் ‘திரை நிறைய’ என்று படத்தை இழுத்துவிடும். மத்தாஹி மாதிரி ஒல்லியான, உரமேறிய உடம்பு, பீப்பாய் போல ஆகிவிடும். ரிமோட்டில் ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 என்று இருக்கும். அதை வைத்துவிட்டு, யாராவது ஒருவர் முழுசாக நிற்கும் ஷாட்டில் நிறுத்தி, தலை வெட்டுப்படுகிறதா, உடம்பு அகலமாகிறதா என்று பாருங்கள். நிலாவோ வட்டமான எதுவோ வந்தால் இன்னும் நல்லது. வட்டம் பொய் சொல்லாது.

திரைக்கு நான் காடாத்துணிதான் கட்டுகிறேன், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது. ஆறடி அகலத்துக்கு ப்ரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தால், அதற்குள் இந்தப் படம் பிரதியைப் பொறுத்து நாலு முதல் நாலரை அடி அகலம்தான் வரும். இரண்டு பக்கமும் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை கறுப்பாக நிற்கும். அந்தக் கறுப்பு உண்மையில் கறுப்பாக இருக்காது, சாம்பலாகப் பளபளக்கும். தியேட்டரில் திரையின் ஓரத்தைக் கறுப்புத் துணியால் மறைப்போம். அதையே இங்கும் செய்யுங்கள்: பழைய கறுப்புக் குடைத்துணி இரண்டு கீற்று, குண்டூசியால் குத்தினால் போதும். படம் சட்டென்று ஆழமாகத் தெரியும்.

டிவியில் காட்டுகிறவர்கள் ‘மோஷன் ஸ்மூத்’ என்கிற சனியனை அணைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அதற்குப் பெயர் வேறு வேறு. அது இருந்தால் 1930-இல் எடுத்த கடல், டிவி சீரியல் கடல் மாதிரி வழவழவென்று ஓடும். ‘விவிட்’ வேண்டாம், ‘சினிமா’ வையுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். இரண்டாம் பாதியில் பெரும்பகுதி நிலவொளி. குடிசைக்குள் நிலா வெளிச்சம் கீற்றாக விழுகிற இடத்தில் நிழலுக்குள் நிழலாக எத்தனையோ விஷயம் இருக்கிறது. ஃப்ளாய்ட் க்ராஸ்பி என்ற ஒளிப்பதிவாளருக்கு இந்தப் படத்துக்காக ஆஸ்கர் கொடுத்தார்கள், சும்மா கொடுக்கவில்லை. பௌர்ணமி வாரத்தில் மாடியில் போட்டால் அந்த உழைப்பெல்லாம் வீண். அமாவாசையை ஒட்டி வையுங்கள். தெருவிளக்கு மாடியில் அடித்தால் அந்தப் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டுங்கள்.

காகிதங்கள்

இந்தப் படத்தைக் காட்டுகிறவருக்கு உண்மையான வேலை இதுதான். மற்றதெல்லாம் எந்தப் பழைய படத்துக்கும் பொது.

வழக்கமான ஊமைப்படத்தில் ஆள் வாயசைப்பான், அப்புறம் கறுப்பு அட்டையில் வசனம் வரும். முர்னாவ் அந்த அட்டையைத் தூக்கிவிட்டார். கதைக்கு வேண்டிய எழுத்தெல்லாம் கதைக்குள்ளே இருக்கும் காகிதத்தில்தான் வருகிறது. ஹிட்டு கொண்டுவரும் ஓலைச்சுருள், பிரெஞ்சுப் போலீஸ்காரர் எழுதும் பதிவேடு, ஓடிப்போனவர்களைப் பிடித்துக் கொடுத்தால் வெகுமதி என்கிற அறிவிப்பு, மதுக்கடையில் நீட்டும் பில், கடலில் நட்ட எச்சரிக்கைப் பலகை, கடைசியில் ரெரி எழுதி வைத்துவிட்டுப் போகும் கடிதம். யாரோ ஒருவர் எழுதிய காகிதம் ஒவ்வொரு முறையும் அந்த இருவரின் தலைவிதியை ஒரு அடி தள்ளுகிறது. எழுதத் தெரிந்தவன் கை ஓங்குகிறது, நீந்தத் தெரிந்தவன் தோற்கிறான். படமே அதுதான் என்பேன்.

நம் கூட்டத்தில் ஆங்கில எழுத்தை அந்த வேகத்தில் வாசிக்க முடியாதவர்கள் பாதிக்கு மேல். அதற்காகத் தமிழில் சப்டைட்டில் ஒட்டுவதை நான் விரும்பவில்லை. காகிதத்தின் மேல் இன்னொரு காகிதம் ஒட்டினதுபோல் இருக்கும். அதற்குப் பதிலாக யாராவது வாசிக்கட்டும்.

எப்படிச் செய்வது? படத்தை முதலில் தனியாகப் போட்டு, காகிதம் வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, நிமிடக் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் திரையில் எத்தனை வினாடி நிற்கிறது என்றும் எழுதுங்கள். தமிழில் மாற்றும்போது அந்த வினாடிக்குள் வாய்விட்டு வாசிக்க முடிகிறதா என்று சொல்லிப் பாருங்கள். நீளமாக இருந்தால் குறையுங்கள். அடுத்த ஷாட்டின் மேல் உங்கள் குரல் வழியக் கூடாது. தாளில் பெரிய எழுத்தாக எழுதுங்கள். டார்ச்சுக்குச் சிவப்பு கண்ணாடிக் காகிதம் சுற்றுங்கள், வெளிச்சம் திரையில் அடிக்காது.

ஹிட்டுவின் அறிவிப்பை ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசியுங்கள். கோயில் மணியக்காரர் ஏலம் கூறுகிற தொனி போதும். நாடகக் குரல் எடுத்தால் கிழவன் வில்லனாகிவிடுவான். அவன் வில்லன் இல்லை. நேர்ந்துவிட்டதை எடுத்துப்போக வந்தவன், அவ்வளவுதான். அந்த முகத்தைக் கவனித்துப் பாருங்கள், கோபம் இருக்காது. போலீஸ்காரரின் பதிவேடு முதலில் பிரெஞ்சில் தெரிந்து பிறகு ஆங்கிலமாக மாறும். மாறின பிறகு ஆரம்பியுங்கள். ஆபீஸ் மொழியிலேயே எழுதிக்கொள்ளுங்கள், ‘மேற்படி நபர்’ என்கிற மாதிரி. எங்கள் மாடியில் அதற்குச் சிரிப்பு வரும், வரட்டும்.

பில்களை மட்டும் வாசிக்காதீர்கள். முத்து எடுத்த குஷியில் மத்தாஹி ஊருக்கே ஷாம்பெயின் வாங்கிக் கொடுக்கிறான். கடைக்காரன் காகிதத்தை நீட்டுகிறான், இவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான். இவனுக்குக் காசு என்றால் என்னவென்றே தெரியாது. அந்த இடத்தில் நீங்கள் தொகையை வாசித்தால் கூட்டம் அவனைவிட விவரமாகிவிடும், ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டும். சும்மா விட்டால் கூட்டமும் அவனோடு சேர்ந்து சிரிக்கும். அப்புறம் கடன்காரன் வந்து நிற்கும்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கும். டஹிட்டித் தீவின் துறைமுக நகரமான பப்பீத்தே போகக் கப்பல் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் அந்தக் கடனுக்குப் போகிறது. கதையின் கழுத்து நெரிபடுவது அங்கேதான்.

ரெரியின் கடிதத்தை ஆண் குரலில் வாசிக்க வேண்டாம். எங்கள் மாடியில் எதிர்வீட்டு அக்கா வாசித்தார். உன்னோடு நான் சந்தோஷமாக இருந்தேன், நிலா கடல்மேல் பாதை விரிக்கும்போது உன் கனவில் வருவேன் என்கிற மாதிரி எழுதியிருப்பாள். அக்காவிடம் முன்கூட்டியே தாளைக் கொடுத்திருந்தேன். சங்கத்து வரவுசெலவு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார், அழவில்லை, இழுக்கவும் இல்லை. அதுதான் சரி. மாடியில் பின் வரிசையில் முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

ஆரம்பிக்கும் முன்

இரண்டே விஷயம் சொல்லுங்கள். ஒன்று, இதில் யாரும் பேசமாட்டார்கள், எழுத்து வந்தால் நாங்கள் வாசிப்போம். இரண்டு, தீவுப் பெண்கள் அந்த ஊர் வழக்கப்படி உடுத்தியிருப்பார்கள். குழந்தைகளை அழைத்து வந்தவர்கள் யோசித்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் போட்டால் முதல் பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். சொல்லிவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருவர், ‘ரவிக்கை எப்ப வந்துச்சு, எங்க அம்மா போட்டதே இல்ல’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

முர்னாவ் செத்த கதையை (கடைசியில் எழுதியிருக்கிறேன்) முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லோரும் சாபத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள், படத்தைப் பார்க்கமாட்டார்கள்.

இடைவேளை கேட்பார்கள். 85 நிமிடப் படத்துக்கு இடைவேளை எதற்கு? சுக்குக் காப்பியை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கட்டாயம் விட வேண்டும் என்றால் ‘இழந்த சொர்க்கம்’ என்று அட்டை வரும் இடம் ஒன்றுதான் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் கை வைக்காதீர்கள்.

ஓடும்போது கவனிக்க

முதல் காட்சியில் பாறைமேல் ஈட்டியோடு நின்று மீன் குத்துகிறார்கள். இது மட்டும் ராபர்ட் ஃப்ளாஹர்டி எடுத்தது. ‘நானூக் ஆஃப் தி நார்த்’ எடுத்த ஆவணப்பட மனிதர். இருவரும் கூட்டாகத்தான் கிளம்பினார்கள். பணம் போடுவதாகச் சொன்ன கம்பெனி பணம் அனுப்பவில்லை. முர்னாவ் சொந்தக் காசைப் போட்டார். ஃப்ளாஹர்டியின் கேமரா தொல்லை கொடுக்க, க்ராஸ்பியை வரவழைத்தார்கள். ஒருவருக்கு அந்த மக்கள் வாழ்கிற வாழ்க்கை வேண்டும், இன்னொருவருக்குக் காதல் கதை வேண்டும். ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஃப்ளாஹர்டி தன் பங்கை முர்னாவுக்கே விற்றுவிட்டார். இது தெரிந்து பார்த்தால் மீன் குத்தும் காட்சியில் ஒரு ருசி தனியாகத் தெரியும்: அங்கே வேலை நடக்கிறது, நடிப்பு இல்லை.

அடுத்து, கப்பல் வரும் காட்சி. சேதி கேட்டதும் தீவே தோணியைத் தள்ளிக்கொண்டு கடலில் இறங்குகிறது. ஒரு பக்கம் கட்டை கட்டிய தோணிகள் சாரை சாரையாகப் போய்க் கப்பலைச் சூழ்கின்றன, ஆட்கள் கயிறு பிடித்து ஏறுகிறார்கள். சத்தத்தை அங்கே கொஞ்சம் கூட்டி வையுங்கள். திருவிழா மாதிரி இருக்கும் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஓலைச்சுருள் விரியும், சத்தத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் ஒரு லாபம். திரேஸ்புரத்தில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். கம்ப்ரசர் குழாய் வரும் முன்பு மூச்சை அடக்கி இறங்கியவர். காதல், நாட்டியம் எதற்கும் அவர் அசையவில்லை. சுறா காவல் இருக்கும் இடத்தில், தடை என்று பலகை நட்ட இடத்தில், மத்தாஹி ராத்திரியில் முத்துக்கு இறங்குகிறான் அல்லவா, அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘மேல கயிறு புடிக்க ஆளில்லாம எறங்குறான் அண்ணாச்சி’ என்றார் என்னிடம், மெதுவாக. எங்கள் பக்கம் கல்லைக் காலில் மாட்டி இறங்குகிறவனுக்குத் தோணியில் கயிறு பிடிக்கும் ஆள்தான் உயிர். அதற்கப்புறம் நானும் படத்தில் கயிற்றைத்தான் பார்த்தேன். கடைசிக் காட்சியில் ரெரியை ஏற்றிக்கொண்டு ஹிட்டுவின் படகு போகிறது; மத்தாஹி நீந்தி நீந்தி வந்து, பின்னால் தொங்கும் கயிற்றைப் பிடித்துவிடுகிறான். கிழவன் கத்தியை எடுத்து அறுக்கிறான். கோபப்பட்டு அறுக்கவில்லை, வேண்டாத நூலை நறுக்குவதுபோல் அறுத்துவிட்டுப் போய் உட்கார்கிறான். பெரியவர் ‘ச்ச’ என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைசிக் காட்சியில் ஒரு எச்சரிக்கை. அவன் கயிறு போன பிறகும் நீந்துவான். படகு சின்னதாகும், அவன் கை எழும்புவது மெதுவாகும். கூட்டத்தில் யாராவது ‘முடிஞ்சிருச்சு’ என்று எழுந்திருப்பார்கள், விளக்குப் போடச் சொல்லி உங்களைப் பார்ப்பார்கள். போடாதீர்கள். சுவிட்ச் பக்கத்தில் நம்பிக்கையான ஆள் ஒருவரை உட்கார வையுங்கள். இசை அடங்கின பிறகுதான் விளக்கு.

முடிந்த பிறகு வரும் கேள்விகள்

எங்கே போட்டாலும் வருகிற கேள்விகள் அநேகமாக ஒன்றேதான், பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைரக்டர் என்ன ஆனார்? கலிஃபோர்னியாவில் சான்டா பார்பரா பக்கத்தில் கார் விபத்து, 1931 மார்ச் 11-இல் இறந்தார், வயது 42. ஒரு வாரம் கழித்து, மார்ச் 18-இல், நியூயார்க்கில் படம் வெளியானது. அவர் தீவின் புனித இடங்களில் படப்பிடிப்பு நடத்தியதால் வந்த வினை என்று கதை கட்டுவார்கள். கார் விபத்தில் தினம் ஆள் சாகிறான், அதற்கெல்லாம் தீவு தெய்வம் காரணமா என்று கேட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

நடித்தவர்கள் யார்? ஹாலிவுட் நடிகர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் அந்தப் பக்கத்து மக்கள். ‘காட்டு மக்களைக் கள்ளமில்லாதவர்களாகக் காட்டும் வெள்ளைக்காரப் பார்வைதானே இது?’ என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், இருக்கிறது; ‘சொர்க்கம்’ என்று அட்டை போடும்போதே இருக்கிறது. கடன் கொடுக்கும் சீனக் கடைக்காரர்களைக் காட்டும் விதத்தில் இன்னும் அதிகம். மழுப்ப வேண்டாம். அதே படம், சட்டமும் பில்லும் வெகுமதி அறிவிப்பும் அந்த மக்கள்மேல் எப்படி இறங்குகின்றன என்றும் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே பேசவிடுங்கள். எங்கள் மாடியில் இந்தப் பேச்சு படத்தின் நேரத்தைவிட நீண்டது.

அந்தப் பெண் என்ன ஆனாள்? இதைப் பெண்கள்தான் கேட்பார்கள். அவர் உண்மைப் பெயர் ஆன் ஷெவாலியே. படம் முடிந்து நியூயார்க் போய் ஸீக்ஃபெல்ட் என்ற நாடகத் தயாரிப்பாளரின் மேடையில் ஆடினார். அப்புறம் போலந்துக்குப் போய், அங்கே புகழ்பெற்ற நடிகர் யூஜெனியூஷ் போடோவோடு ‘கறுப்பு முத்து’ என்று பொருள்படும் தலைப்புள்ள படத்தில் 1934-இல் நடித்தார். பிறகு ஊர் திரும்பினார். 1977-இல் இறந்தார். கதையில் ரெரியை ஊரைவிட்டுக் கொண்டுபோனார்கள். இவர் தானே போய்விட்டுத் தானே திரும்பி வந்தார் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

முர்னாவின் வேறு படம் போடுங்கள் என்று கேட்டால் ‘சன்ரைஸ்’ (1927) போடுங்கள், அதிலும் படகு உண்டு, புயல் உண்டு. ‘ஃபோர் டெவில்ஸ்’ கேட்பவர்களிடம் அது தொலைந்துபோன படம், இதுவரை யாரிடமும் பிரதி கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். சன்ரைஸில் பழைய முறையில் வசன அட்டைகள் வரும், அதற்குத் தனியாகத் தாள் எழுத வேண்டியிருக்கும். இந்தத் தடவை வாசித்தவர்களையே அதற்கும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.